கோமளாவின் இடது கை

கோமளா அக்காவோடு கொழும்புக்குப் போனது நான்தான். சண்டை மூள்வதற்குள் பெண்கள் எப்படித் தடுக்கலாம் என்று ஏழு நாட்டுப் பெண்கள் கூடிப் பேசும் கூட்டம். என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷை நம்பி என்னைத் துணைக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன தைரியமோ!

எங்கள் ஏரிக்கரை ஊர் தோணிரேவில் அக்காவுக்கு அடுத்த வீடு நான். ஏரியில் மார்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பது எங்கள் பிழைப்பு. பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்போம். தண்ணீரில் இருக்கும்வரை எங்களுக்குப் பேச்சே கிடையாது. வாயாடியான எனக்கு அது பெரிய தண்டனை.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் அக்கா மகன் பிரதாப் படகெடுத்துப் போனான். விடியும்போது படகு மட்டும் கரையில் வந்து முட்டி நின்றது. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்ற பாடு முறையில் ஆந்திராப் பக்கத்து ஊரோடு எங்களுக்கு ஏற்கெனவே தகராறு. "அவனுங்கதான் முடிச்சிட்டானுங்க" என்று ஊரே குதித்தது. கத்தியும் கழியுமாகப் பன்னிரண்டு படகுகள் கிளம்பத் தயாராகிவிட்டன.

"எம்புள்ளைய நான் மொதல்ல தேடிக்கிறேன். அதுக்குள்ள எவனாவது படக எடுத்தீங்க, என் மேல ஏத்திட்டுத்தான் போவணும்" என்றாள் அக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாவி, எனக்கே பயமாக இருந்தது. ஒரு மணி நேரம் தருவதாக ஊர்த் தலைவர் சொன்னார்.

அக்கா உடனே அந்த ஊர் எல்லம்மாவுக்குப் போன் போட்டாள். ஒரே ஏரியில் இறால் தடவுகிற பழக்கம். "உங்க பொம்பளைங்கள இட்டுக்கினு ஏரில நட்ட எல்லைக் கழிகிட்ட வா. எல்லாரும் பறிய கடிச்சிக்கினு வரணும், எங்காளுங்களும் அப்படித்தான். வாய் சும்மா இருந்தா எவளாவது எதையாவது சொல்லிடுவா."

எங்கள் பக்கம் பத்துப் பேர் இறங்கினோம். பனி முகத்தை மறைத்தது. எதிரே பனிக்குள்ளிருந்து வெறும் தலைகளாக வந்தன, ஒவ்வொரு வாயிலும் ஒரு பறி. தண்ணீர்கூடச் சலசலக்கவில்லை. இரண்டு ஊரும் கைகோத்து ஒரே வரிசையாக நின்று, சேற்றைக் காலால் துழாவிக்கொண்டே நகர்ந்தோம். இடப்பக்கக் கடைசியில் அக்கா. அவளுக்கு அடுத்து நான்.

கொஞ்ச நேரத்தில் வரிசை இடப்பக்கமாகக் கோணியது. அக்கா இழுக்கிறாள். நான் பின்னால் இழுத்தும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அவளுடைய இடது கை தண்ணீருக்கு மேல் நீண்டிருந்தது, விரல்கள் எதையோ பற்றியதுபோல மடங்கியிருந்தன. அங்கே யாரும் இல்லை.

சட்டென்று நின்றாள். முங்கி எழுந்தாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"கெடச்சிட்டான்."

பிரதாப் உடம்பில் ஒரு கீறல் இல்லை. காலில் வலை சுற்றியிருந்தது. நீலக் கயிறு கோத்த வலை, எங்கள் ஊரில் மட்டும் கட்டுவது. கிடந்ததோ எல்லைக் கழிக்கு அந்தப் பக்கம், அவர்கள் பாட்டில். எல்லம்மா வலையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பறியைக் கடித்தபடியே பிரதாப்பின் கால்மாட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

கரையில் அந்த வலையைத் தலைவர் காலடியில் போட்டாள் அக்கா. "நம்ம வலைதான்யா. அவங்க பாட்டுல திருட்டுத்தனமா போடச் சொல்லி எம்புள்ளைய அனுப்சது நீங்கதானே? இப்ப போங்க. யார வெட்டப் போறீங்க?"

கத்திகள் வீட்டுக்குப் போயின. இரண்டு மாதம் கழித்துப் பொன்னேரியில் நடந்த பேச்சுவார்த்தையில் இரண்டு ஊர்ப் பெண்களும் உட்கார்ந்துதான் எல்லை முடிவானது.

அடக்கம் முடிந்த அன்று அக்கா என்னைக் கேட்டாள்: "செல்வி, எனக்கு அந்தாண்ட யாருடி நின்னா? கை ஜில்லுனு இருந்திச்சே."

"யாரும் இல்லக்கா. நீதான் கடைசி."

அவள் மறுபடி கேட்கவில்லை. கொழும்பு மேடையில் எல்லாவற்றையும் சொன்னாள், இதை மட்டும் சொல்லவில்லை. கூட்டம் முடியும்போது எல்லாரையும் வட்டமாகக் கைகோத்து நிற்கச் சொன்னார்கள். அக்கா வலது கையை என்னிடம் கொடுத்தாள். நேபாளத்துப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே இடது கையைப் பிடிக்க வந்தாள். அக்கா விலக்கிக்கொண்டாள்.

"வேணாம்னு சொல்லு செல்வி. அதுல ஆள் இருக்குது."

கை வலி என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்தேன். அக்காவின் விரல்கள் மடங்கியே இருந்தன.