வலது பக்கம் தைத்த மெடல்

கண்டோன்மெண்டில் யூனிபாரம் தைக்கும் கடையில் வேலை பார்த்தேன். படிப்பு நாலாவதோடு சரி. மெடல் தைக்கிறது என் வேலை. கோட்டின் இடது மார்பில், ரிப்பன் வரிசை தப்பாமல் தைக்க வேண்டும்.

எழுபத்தொன்று சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கராஜன் சார் வந்தார். சண்டையில் குண்டு போடும் விமானம் ஓட்டியவர். ரிட்டயர் ஆகிவிட்டார். கொடிநாள் விழாவில் மேடையேறக் கோட்டு வேண்டும். நாலு மெடல் கொடுத்தார்.

"மூணு இடது பக்கம் பாய். இது மட்டும் வலது பக்கம்."

அது வீர சக்கரம். வரிசையில் முதலில் வர வேண்டியது.

"வலது பக்கம் தைக்கிறதில்லையே சார்?"

"செத்தவன் மெடலை அவன் வீட்டு ஆளுங்க வலது பக்கம் குத்திப்பாங்க. இது சேவியரோடது."

சேவியர் அவருடைய நேவிகேட்டர். வழி சொல்வது சேவியர், ஓட்டுவது சார். விமானத்தில் அந்த இரண்டு பேர்தான். குண்டு போட்டுத் திரும்பும்போது கீழிருந்து சுட்டார்கள். சேவியருக்கு அடி. அப்படியே வழி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். தரையிறங்கியபோது உயிர் இல்லை. மெடல் சாருக்கு மட்டும் கொடுத்தார்கள்.

சொன்னபடி தைத்தேன்.

ட்ரயல் அன்று சார் கண்ணாடி முன்னால் நின்றார்.

"என்ன பாய், இடுப்பு பிடிக்குதே?"

"நீங்கதான் ரிட்டயர் சார். வயித்துக்கு ப்ரமோஷன்."

சிரித்தார். அப்போது சேவியரின் அப்பா உள்ளே வந்தார். பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்தவர். சார்தான் வரச் சொல்லியிருந்தார். அவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அது போதும் சாருக்கு.

"ஐயா, வலது பக்கம் பாருங்க. இது சேவியருது. அவனுக்காகப் போட்டுக்கறேன்."

பெரியவர் மெடலைத் தொடவில்லை.

"சர்க்கார் காயிதத்துல யாரு பேரு சார்?"

"என் பேருதான்."

"அப்ப உங்களுதுதான."

"நீங்க குத்திக்கங்க ஐயா. இப்பவே பிரிச்சுத் தரச் சொல்றேன்."

"என் சட்டையில பாத்தா, பையன் வாங்குனான்னு நாலு பேரு சொல்லுவாங்க. அவன் வாங்கல. அவனுக்குக் குடுக்கல. நான் ஏன் சார் பொய்யா குத்திக்கணும்?"

பெரியவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"அவன் பேருக்கு எதாச்சும் வந்தா சொல்லியனுப்புங்க. வந்து வாங்கிக்கறேன். வரேன் பாய்."

போய்விட்டார். சார் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"பிரிச்சுடுங்க."

"இடது பக்கம் தச்சிடவா சார்?"

"வேணாம்."

வீர சக்கரத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். விழாவுக்கு நானும் போயிருந்தேன். வீர சக்கரம் வாங்கியவர் என்று மைக்கில் சொன்னார்கள். மார்பில் மூன்றுதான் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தலை நிமிரவில்லை. சேவியர் பேருக்கு எதுவும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மெடல் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று கேளுங்கள். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.