பின்கேட்டு வீதியின் சுண்ணாம்புக் கோடு

சித்தூரில் நான் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். என் கடைத் தெருக் கோடியில் ஒரு கல்லூரி இருக்கிறது. சாயங்காலம் கல்லூரி விட்டால் பைக், ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரம் வாடிக்கையாளர் என் கடைப் படியேற முடியாது. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பின்கேட்டு வீதியைத் தெருக்காரர்களே திட்டம் போட்டுச் சீர்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். அந்த வீதியில் டிபன் வண்டி போட்டிருப்பது என் தங்கை செல்வி. மறைப்பானேன், பாதிக்கு மேல் அவளுக்காகத்தான் போனேன். திட்டத்தில் வண்டிகளுக்கு இடம் இருக்குமா இருக்காதா என்பது அந்த வாரம் முடிவாக இருந்தது. இல்லையென்றால் அவளைச் சித்தூருக்கே அழைத்து வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

காலை எட்டே காலுக்கு எக்ஸ்பிரஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், டிக்கெட் நூற்றிருபது ரூபாய். சித்தூரிலேயே ஏறிவிடுங்கள், வழியில் பூதலப்பட்டில் ஏறினால் சந்திரகிரி வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ டிரைவர், "மெயின் கேட்டா சார், பின்கேட்டா?" என்று கேட்டார். பின்கேட்டு என்றதும் சிரித்தார். "மூணு வருசம் முன்னாடின்னா டபுள் கேட்டிருப்பேன் சார். உள்ள போனா வண்டிய திருப்பிக்கினு வர முடியாது, ஒரே குப்ப. இப்ப நானே அங்கதான் டிபன் துன்றேன். அரவ அக்கா வண்டி." அரவம் என்றால் இந்தப் பக்கத்துத் தெலுங்கில் தமிழ். அது என் தங்கை வண்டிதான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பேரம் பேச முடியாது. எண்பது கேட்டார், எழுபது கொடுத்தேன்.

வீதியின் கதை இதுதான். பின்கேட்டு பல வருடம் பூட்டிக் கிடந்தது. மாணவர்கள் நடமாட்டம் இல்லாததால் வீடுகளுக்கு வாடகைக்கு ஆள் வரவில்லை. பிறகு தெருக்காரர்களும் மாணவர்களும் விடாமல் கேட்டுக் கேட்டு அந்தக் கேட்டைத் திறக்க வைத்தார்கள். ஜெராக்ஸ் கடை வந்தது, மெஸ் வந்தது, மாடிகள் ஏறின, வண்டிகள் வந்தன. கூடவே நெரிசலும் வந்தது. பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டம் சொல்லிக் கொடுக்கும் ஒரு மேடமும் அவருடைய மாணவர்களும் தெருக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டார்கள்: இரண்டு பக்கமும் நடைபாதை, மூடிய சாக்கடை, கேட்டுக்குப் பக்கத்தில் வண்டிகளுக்குத் தனி இடம். அதற்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ரோட்டுப் பக்கம் நீட்டிக் கட்டிய படியையும் வண்டி ஏற்றும் சாய்வையும் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். முனிசிபல் இன்ஜினியர் ஒரு கெடு வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் அவர் வரும்போது வீடுகள் எதுவரை வரலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட கோடு தரையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முனிசிபாலிட்டி ஒதுக்கிய பணம் வேறு வார்டுக்குப் போகும், வண்டிகளும் எடுக்கப்படும்.

நான் போன அன்று சாயங்காலம் மாணவர்கள் டேப் பிடித்து, வீடு கட்ட அஸ்திவாரம் குறிப்பது போல, வீதி நெடுகச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். திட்டம் முழு அளவில் தரையில் இறங்கியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கோடு இல்லை.

யாரும் சதி செய்யவில்லை. மார்கழி மாதம். விடிவதற்கு முன் வீட்டுக்கு வீடு பெண்கள் தண்ணீர் தெளித்து, கூட்டி, கோலம் போட்டுவிட்டார்கள். திட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை; எனக்கும் தோன்றவில்லை. அழித்தது வேண்டுமென்றே அல்ல. மறுபடி போட்டதுதான் வேண்டுமென்றே. "கோடு இங்கதான் இருந்தது" என்று அவரவர் வாசலில் அவரவரே போட்டார்கள். ஒவ்வொரு கோடும் பக்கத்து வீட்டுக் கோட்டைவிடக் கொஞ்சம் ரோட்டுக்கு நகர்ந்திருந்தது. கேட்டுப் பக்கம் போகப் போக வீதி புனல் மாதிரி குறுகி, வண்டிகளுக்கான இடம் காணாமலே போயிற்று. மேடம் மறுபடி டேப்பை எடுத்தபோது சண்டை ஆரம்பித்தது.

சண்டையில் முன்னால் நின்றவர் மூலை வீட்டு சுகுணம்மா. ரிடையர்ட் டீச்சர். வண்டிகளின் எண்ணெய்ப் புகை ஆகாது என்று ஆரம்பம் முதல் சொல்லிவந்தவர். பேரம் என்றால் நம் தொழில் ஆயிற்றே என்று நான் வாயைத் திறந்தேன். செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு அண்ணா. இது உன் பக்கெட் வியாபாரம் இல்ல."

பிறகு அவளே பேசினாள். தெலுங்கில் ஆரம்பித்து, கோபம் ஏறிய இடத்தில் தமிழுக்கு வந்தாள். "அவங்கவங்க வாசல்ல அவங்கவங்களே போட்டா கோடு ரோட்டுக்குத்தான் ஓடும். எதிர் வூட்டுக்காரங்க வந்து போடட்டும். எனக்கு எதிர் வூடு இல்ல. என் வண்டிக்கு யாரு வேணும்னாலும் போடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இருபது வருட வியாபாரத்தில் நான் அப்படி என் பங்கை அடுத்தவர் கையில் விட்டதில்லை. ஆனால் வழி சரியான வழி. எதிர் வீட்டுக்கு இரக்கம் பார்த்துக் கோட்டை வெளியே தள்ளினால், தன் வீட்டுக் காரைத் திருப்ப இடம் இருக்காது. அதனால் யாரும் இரக்கம் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் கிண்டல் பண்ணிக்கொண்டே போட்டார்கள். மதியத்துக்குள் மேடம் டேப் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய சனிக்கிழமைக் கோடுதான்.

கடைசியில் செல்வியின் இடம். சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர் சுகுணம்மா. "நீ பண்டிகி எந்த சோட்டு காவாலி?" என்று கேட்டார், வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டுமென்று. செல்வி சொன்ன வார்த்தை தவறாமல் வாயைத் திறக்கவில்லை. அவர் வண்டியைச் சுற்றி நடந்து பார்த்து, நீளமாக ஒரு கட்டம் போட்டார். நிமிர்ந்து யோசித்துவிட்டு, தின்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு பக்கத்தை அழித்து இன்னும் தள்ளிப் போட்டார். புகை மட்டும் தன் வீட்டுப் பக்கம் வரக் கூடாது, அடுப்பு கேட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்றார். சாயங்காலம் இன்ஜினியர் வந்து பார்த்து, வேலை ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் நைனா பாலசமுத்திரம் பக்கம் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர். எல்லைக் கல் என்றால் எங்களுக்கு எப்போதும் அடுத்தவர் கல்தான். சித்தூரில் நான் கடை வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு நெஞ்சு நிமிரவில்லை. அவளைச் சித்தூருக்கு அழைக்கும் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

இந்த வீதியைப் பார்க்கப் போகிறவர்கள் பின்கேட்டு என்று தெளிவாகச் சொல்லி ஆட்டோ ஏறுங்கள். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் போனால் அறை கிடைக்காது. செல்வி வண்டியில் மூன்று இட்லி முப்பது ரூபாய். நிலக்கடலைச் சட்னி தீருவதற்குள், எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். உங்கள் ஊரிலும் இப்படிச் செய்வதாக இருந்தால், கோடு போடுவதைக் காலையில் வாசல் தெளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் நான் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

திங்கட்கிழமை ஊர் திரும்பும் முன், ஆறு மணிக்கே வீதிக்குப் போனேன். மறுபடி தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஆனால் கோட்டுக்கு உள்பக்கம் மட்டும். கோலங்கள் எல்லாம் கோட்டைத் தொட்டு நின்றன. செல்வியும் தன் கட்டத்துக்குள் ஒரு கோலம் போட்டுவிட்டு, வண்டியைப் பிடித்தபடி தயங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணா நிறுத்தறது, கோலத்து மேலயா?"

மூலை வீட்டு வாசலிலிருந்து சுகுணம்மாவின் குரல் வந்தது. "பெட்டம்மா, பெட்டு. ரேப்பு இன்கொகட்டி வேசுக்கோ."

வை அம்மா, நாளைக்கு இன்னொன்று போட்டுக்கொள்.

செல்வி வண்டியைத் தள்ளி உள்ளே நிறுத்தினாள்.