தேர் நிற்கிற வாசல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, பக்கத்து வீட்டு அக்காவின் மூத்த மகன். அவன் பிறந்ததே என் வீட்டு முன்னறையில்தான்; அன்று பெய்த மழையில் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகிவிட்டது. அதற்குப் பிறகும் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பிட்டான். அதனால் அவனையும் என் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் சொல்வேன். அக்கா ஒருநாளும் மறுத்ததில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை போனேன். கையெழுத்துப் போடுவேன். கோயில் நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எழுத்து அழகாக இருக்கும், ஆனால் அவசரக்காரி. நான் காப்பி ஆற்றுகிற நேரம்கூடப் பொறுக்கமாட்டாள். பொறுக்கட்டும்.

எங்கள் ஊர் சின்ன ஊர். ஈப்போவிலிருந்து சித்தியவான் போகிற பாதையில் இருக்கிறது. சித்திரை வந்துவிட்டால் வெயிலில் தார்ச்சாலை தண்ணீர் போல மினுங்கும். அந்த வெயிலில்தான் எங்கள் அம்மனுக்குத் திருவிழா. ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போகிற பையன்கள் லீவு போட்டு வந்து கோயிலைக் கழுவுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நாற்காலி ஓட்டம், பெண்களுக்குத் தேங்காய் துருவும் போட்டி. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் வருஷா வருஷம் ஒரு பீப்பாய் ரோஸ் சிராப் தண்ணீர் அனுப்புவார். எதற்கு பாய் என்று கேட்டால், "ஒங்க சாமிக்கு இல்லம்மா, இந்த வெயிலுக்கு" என்பார்.

இதெல்லாம் முதல் நாள். இரண்டாம் நாள்தான் எனக்குத் திருவிழா. அன்று அம்மன் தேர் பழைய தோட்டத்துக்குப் போகும்.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், தேர் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்து வீட்டுக்கு வீடு நிற்கும். வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, தேங்காய் பழத்தட்டோடு நிற்போம். பிறகு ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. எங்களைத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பிவிட்டு லயத்தை இடித்து அங்கேயும் செம்பனை நட்டார்கள். அம்மனும் எங்களோடு தாமானுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் முதல் வருஷத் திருவிழாவில் யாரோ சொன்னார்கள், "நம்ம வாசலுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரட்டுமே." போனோம். லயம் இருந்த இடத்தில் அவரவர் வீட்டு வாசல் எங்கே இருந்ததோ, அங்கே, செம்பனைக்கு அடியில் தட்டோடு நின்றோம். தேரும் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பார்க்கிறவர்களுக்குக் காட்டுக்குள் ஆளுக்கொரு மரத்தடியில் நிற்கிறோம். எங்களுக்கு அது தெரு.

நான் நிற்கிற மரத்தில் பெரணிச் செடி காடாக வளர்ந்திருக்கும். அக்கா எனக்கு அடுத்த மரம். லயத்திலும் அப்படித்தான், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவரை வைத்து நாங்கள் போடாத சண்டை இல்லை. அவர் ஆணி அடித்தால் என் பக்கம் கண்ணாடி விழும். உப்பு வேண்டுமென்றால் அதே பலகையைத்தான் தட்டுவார்.

இந்த வருஷம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிற்சாலை வரப்போகிறது, அடுத்த வருஷம் வேலி போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. பனைகளையெல்லாம் சாய்த்தாகிவிட்டது. கோயில் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். அவரும் எங்கள் லயத்துப் பிள்ளைதான்.

"மரமும் இல்ல, நெழலும் இல்ல. எது யாரு வாசல்னு யாருக்குத் தெரியும்? பழைய பால்கொட்டகை முன்னாடி ஒரு தடவ நிப்பாட்டி எல்லாருக்கும் சேத்து அர்ச்சன பண்ணிரலாம். அங்க உள்ளுக்குப் போனா சூசாலா, தேர் மண்ணுல மாட்டிக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "எந்த வாசல் எதுன்னு நான் காட்டுறேன். தேர் வழக்கம்போல போகட்டும்."

"சரியாத் தெரியுமா பெரியம்மா?"

"கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்."

அக்கா இப்போது கமுந்திங்கில் அந்த மூத்த மகனோடு இருக்கிறார். முட்டி இரண்டும் போய்விட்டது, சக்கர நாற்காலிதான். அன்று சாயந்திரமே போன் போட்டேன்.

"வாரேன்லா" என்றார். "இதுக்கப்புறம் ஏது? என் வாசல்ல சாமிய ஒரு தடவ பாத்துட்டா போதும்."

"நான் இருக்கேன், வாங்க."

திருவிழாவின் இரண்டாம் நாள் காலையிலேயே போய்விட்டேன். மண் சிவப்பாக, மொட்டையாகக் கிடந்தது. ஒரு நிமிஷம் எனக்கே திக்கென்றது. பிறகு குழாயடியின் சிமெண்டு மேடை தெரிந்தது. அதிலிருந்து வரிசை பிடித்து ஒவ்வொருவராக நிறுத்தினேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. என் இடத்துக்கு வந்தேன். பெரணி மரத்தின் அடிக்கட்டை அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் மண் பெயர்ந்த குழியில் ஏதோ கறுப்பாகத் தெரிய, காலால் மண்ணைத் தள்ளினேன்.

ஆட்டுக்கல். நடுக்குழியில் மண் அடைத்திருந்தது. குழவி இல்லை.

எங்கள் வரிசையில் வாசல் ஓரத்தில் ஆட்டுக்கல்லைச் சிமெண்டு வைத்துப் பதித்திருந்தது ஒரே ஒரு வீடு, அக்கா வீடு. லயத்தைக் காலி பண்ணும்போது கல்லைப் பெயர்க்க முடியாமல் குழவியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். கமுந்திங் வீட்டில் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் அக்கா வாசலில் நின்று சாமி கும்பிட்டிருக்கிறேன். அவர் என் வாசலில் நின்றிருக்கிறார்.

கார் வந்து நின்றது. மூத்தவன் அம்மாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, வழக்கமாக அவர் நிற்கிற அடுத்த இடத்தில் நிறுத்தினான். தலைவரும் வந்தார், கல்லைக் குனிந்து பார்த்தார்.

"பெரியம்மா, இது அவங்க வீட்டு ஆட்டுக்கல்லு இல்ல? நான் மாவு நக்கித் தின்னிருக்கேனே. அப்ப வாசல் மாறிப்போச்சா?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "நீ மாவு தின்ன வயசுல ஒனக்கு வாசல் தெரியுமா? அது இவ வீட்டுக் கல்லு. இவ சொன்னா சொன்னதுதான். போய்த் தேரப் பாரு."

தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீதான் மொதல்ல வந்து தட்டோட நின்ன. சாமி வர நேரத்துல ஒருத்திய வாசல விட்டு நகத்துவாங்களா? அடுத்த வருஷம் சொல்லலாம்னா, நீ அந்த மரத்துக்குப் பொட்டு வச்சுட்ட." சிரித்தார். "எனக்கென்ன, ஒன் வாசலும் வாசல்தான். இவன் பொறந்த எடந்தானே."

உறுமி மேளம் கிட்டத்தில் கேட்டது. தேரை இழுத்து வந்த டிராக்டர் குழாயடி தாண்டிவிட்டது. அக்கா எனக்காகத் தன் வாசலை விட்டுக்கொடுத்துவிட்டு என் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசித் தடவை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

"டேய், அம்மாவத் தள்ளிட்டு வா" என்றேன் மூத்தவனிடம்.

"வேணாம்லா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் அக்கா.

"பாக்கட்டும்."

சக்கரம் மண்ணில் புதைந்தது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கித் தள்ளினோம். ஆட்டுக்கல் பக்கத்தில் நிறுத்தி, அவர் தட்டை அவர் மடியில் வைத்தேன். தலைவரைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், "நான்தான் மாத்திக் காட்டிட்டேன். இது இவங்க வாசல்." பிறகு என் தட்டோடு நாலு எட்டு நடந்து என் வாசலில் போய் நின்றேன். புது இடம் போல இருந்தது.

தேர் முதலில் என் முன்னால் நின்றது. கற்பூரம் காட்டினார்கள். நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு நினைவில்லை. பக்கத்தில்தான் கண் இருந்தது. அடுத்து அக்காவின் முன்னால் நின்றது. அவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார். மூத்தவன் தாங்கிப் பிடித்தான். எழுந்தேவிட்டார். ஒரு கை தட்டில், ஒரு கை மகன் தோளில். தேர் நகர்ந்த பிறகும் உட்காரவில்லை.

பிறகு குனிந்து ஆட்டுக்கல்லை விரலால் இரண்டு தடவை தட்டினார், பலகைச் சுவரைத் தட்டுகிற மாதிரியே.

"உப்பு இருக்கா?" என்றார்.

"போன வாரம் வாங்கினதையே நீங்க இன்னும் குடுக்கல" என்றேன்.

கல்லை மூத்தவன் பெயர்த்துக் காரில் ஏற்றிக் கமுந்திங் கொண்டு போய்விட்டான். குழவியோடு சேர்ந்துவிட்டது. மாவு அரைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது, இருக்கட்டும்.

அவ்வளவுதான். நேற்று நான் போன் போட்டபோது அக்கா பேரப்பிள்ளைகளிடம் இன்னும் அந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கல் என்னுடையது, நான்தான் அதை அவருக்குச் சும்மா கொடுத்தேன் என்று. அதற்குத்தான் இதை எழுதச் சொன்னேன். எழுதிட்டியாம்மா? போன்ல அவங்க இருக்காங்க, சத்தத்தத் தொறந்து விடு. இப்ப மொதல்லருந்து படி. அவசரப்படாத. யாரு வாசல்னு வர்ற எடத்த மட்டும் நல்லாக் கேக்குற மாதிரி படி.