பல்லில் கவ்விய பறி

பிள்ளைகளே, எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீருக்கு அடியில் எதிர்க்கரைத் தீவுக்குக் குடிநீர்க் குழாய் பதித்த வேலையில் உங்கள் அப்பா நானும் ஒரு ஆள். அங்கேதான் ஒரு மீனவப் பெண்மணியைப் பார்த்தேன். தண்ணீரில் கழுத்தளவு மூழ்கக் குந்தி, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிப்பார். வெயிலில் கறுத்த முகம், இறுகிய தாடை.

நாங்கள் தோண்டிக் கொட்டிய மண், இறால் கிடக்கும் இடத்தையெல்லாம் மூடிவிட்டது. மாதக்கணக்கில் அவர் பறி காலி. தீவில் குழாயில் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் கைதட்டினோம். அவர் மட்டும் என்னிடம், "தண்ணி குட்த்துட்ட நைனா. கொழம்புல போட எறா யாரு குடுப்பா?" என்றார்.

மழை வெள்ளம் அந்த மண்ணை அடித்துப் போன பிறகு, ஒருநாள் மறுபடியும் இறங்கித் தடவினார். நான் கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று கை மேலே வந்தது. விரலிடுக்கில் ஒரு இறால் துள்ளியது! அதைப் பறியில் போட்ட கையோடு, "கீது நைனா! எறா கீது!" என்று கத்தினார். வாயைத் திறந்ததும் பறி தண்ணீரில் விழுந்தது. இறால் ஓடியே போனது.

"ஐயையோ, போச்சே!" என்றேன்.

"போனா போவட்டும், வந்துட்ச்சில்ல!"

தண்ணீரை இரு கையாலும் அடித்து அடித்துச் சிரித்தார். ஓடிப்போன இறாலுக்காக அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.