கறுப்பு எனாமல் பூசிய சாட்டை

சாட்டையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதுளையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். வருடாவருடம் பாடத்தில் எகிப்து ராசா வருவார். நெஞ்சுக்குக் குறுக்கே கைகளை மடக்கி, ஒன்றில் மேய்ப்பனின் கோலும் மற்றதில் சாட்டையும் பிடித்திருப்பார். ஆட்சியின் சின்னம் என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அது யாருடைய முதுகில் விழுந்தது சேர் என்று ஒரு பிள்ளையாவது கேட்கட்டுமே என்று காத்திருப்பேன். கேட்காது. நானும் சொல்லமாட்டேன், அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்வேன்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை இப்போது ஹோட்டலாக்கிவிட்டார்கள். அதன் வரவேற்பறையில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. துரை நாற்காலியில் இருக்கிறார், மடியில் குதிரைச் சாட்டை. பின்னால் எங்கள் ஆட்கள் கும்பலாக நிற்கிறார்கள், ஒருவர் முகமும் தெளிவாக இல்லை. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே நின்று தேத்தண்ணிக் கோப்பையோடு செல்பி எடுக்கிறார்கள். நாசமாய்ப் போக!

அடி வாங்கியவனின் முகத்தை நான் ஒரேயொரு படத்தில்தான் பார்த்திருக்கிறேன். டவுன் தேவாலயச் சுவரில், தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கப்படும் யேசு. அங்கே அடிப்பவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். நான் சைவக்காரன், ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன்.

இதெல்லாம் பெரிய ஞானி மாதிரிப் பேசுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் கைக்கே ஒரு சாட்டை வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே முனியாண்டி கோயில். முனியாண்டியின் சீமெந்துச் சிலை இரண்டு ஆள் உயரம். வலது கையில் நிஜச் சாட்டை ஒன்றைச் செருகியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோணியேறி, காட்டுவழி நடந்து வந்தபோது இடுப்பில் சுற்றிக் கொண்டுவந்த கற்றாழை நார்ச் சாட்டை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். திருவிழா அன்று கோயில் தலைவர் சாமியாடி, சிலையின் கையிலிருந்து அதை எடுப்பார். லயத்தில் தீராத வழக்கு ஏதும் இருந்தால், குற்றம் செய்தவர் என்று கோயில் கமிட்டி சொல்கிறவர் அவருக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். சாட்டை விழுந்ததும் வழக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி எவரும் வாய் திறக்கக்கூடாது. தலைவர் பதவியும் சாட்டையும் துரைக்காக ஆட்களை வேலை வாங்கிய பழைய பெரிய கங்காணியின் குடும்பத்துக்கே உரியவை. அதையும் எவரும் கேட்கக்கூடாது.

அந்த வருடம் கமிட்டி குற்றவாளியாக்கியது என் அக்காவை.

அக்கா கொழுந்து பறிக்கிறவள். அவள் மகள் டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். ஒருநாள் பின்னேரம் பஸ்ஸை விட்டிறங்கி மலைப்பாதையில் வந்தவளை வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்தான் ஒருவன். தலைவருடைய மகன். பிள்ளை அவனை உதறிவிட்டு, சட்டை கிழிந்த கோலத்தில் வீட்டுக்கு ஓடிவந்தாள். அக்கா அடுத்த பஸ்ஸிலேயே அவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை தன் வாயாலேயே சொல்லி, தன் கையெழுத்தையே வைத்து முறைப்பாடு கொடுத்தாள்.

மறுநாள் கமிட்டி கூடியது. கையைப் பிடித்து இழுத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மக சின்னப் புள்ள, அவளுக்கு என்னா தெரியும்? ஒனக்குப் புத்தி எங்க போச்சு? கோயில் இருக்கையில பொலிசுக்குப் போவியா? லயத்து மானத்தையே வித்துட்டியே!" என்றார் தலைவர். "திருவிழாவுல சாட்டையடி வாங்கு. அதோட வழக்குத் தீந்துச்சு. பொலிசுல போயி வேணாம்னு எழுதிக் குடுத்துடணும்."

வாங்காவிட்டால் அக்கா குடும்பத்துக்குக் கோயில் இல்லை, நல்லது கெட்டதுக்கு லயத்து ஆட்கள் வரமாட்டார்கள். அக்காவின் கணவர் செத்தபோது பாடை தூக்கியது இதே ஆட்கள்தான். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில், சிலைக்குப் பெயின்ட் அடிக்கத் தலைவர் என்னையே கூப்பிட்டார். வருடாவருடம் நான்தான் அடிப்பேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு தூரிகையோடு போய் நின்றேன். சாட்டையில் எண்ணெயும் சந்தனமும் புகையும் விரல் தடிப்புக்கு ஏறிப்போயிருந்தன. இதுவரை யாரும் அதைக் கழுவியதில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன்.

கற்றாழை நாரைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது தோல். நெருக்கிப் பின்னிய மாட்டுத்தோல். பிடியின் முனையில் ஒரு பித்தளைப் பூண், அதில் இங்கிலீஷ் எழுத்து இரண்டு வெட்டியிருந்தது. குதிரைச் சாட்டை! செருப்பைக் கழற்றாமல் படியேறினாலே குதறிவிடுகிற கோயிலில், துரையின் தோல் சாட்டைக்கு இத்தனை வருடமாகப் பூ வைத்திருக்கிறோம்.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஆள் பதறவே இல்லை.

"தெரியும் மாஸ்டர். பெரிய தொரை சீமைக்குப் போகையில எங்க தாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போனது. வேற யாருக்குக் குடுத்தாரு, சொல்லுங்க?" குரலில் பெருமை வழிந்தது. "சாமி கைக்கு வந்துட்டா சாமியோடதுதான். நல்லாக் கறுப்பா அடிச்சு விடுங்க. அந்தப் பித்தளையும் மறையட்டும்."

அடித்தேன். வெட்கமில்லாமல் அடித்தேன். எழுத்து மறையும்வரை பூணுக்கு மட்டும் இரண்டு பூச்சு. எண்ணெய் குடித்த தோலில் எனாமல் சுலபத்தில் காயாது என்று என் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த நேரம் அது என் புத்தியில் ஏறவில்லை.

அன்று பின்னேரம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"இத நீ அங்க வந்து சொல்லுவியா தம்பி? எல்லாரும் இருக்கையில?"

"சொல்றேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

திருவிழா அன்று காலையிலிருந்தே மழைத் தூறல். உச்சிப் பொழுதுக்குத் தப்பு மேளம் முழங்கியது, லயமே திரண்டு நின்றது. தலைவர் உடம்பை முறுக்கி, நாக்கைக் கடித்து ஆடிக்கொண்டு சாட்டையை எடுத்தார். அக்கா ஈரச் சேலையோடு வந்து நின்றாள். மகளும் பக்கத்தில் வந்தாள்.

குனி என்று கமிட்டிக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். அக்கா குனியவில்லை. முதுகையும் காட்டவில்லை. நேருக்கு நேர் நின்றாள்.

"சாமி, மூஞ்சியப் பாத்தே அடிங்க. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இது யாரு குடுத்த சாட்டை?"

தப்பு நின்றுவிட்டது. தலைவர் உறுமினார்.

"எந்தம்பிதான் பெயின்ட் அடிச்சான். அவன் சொல்லுவான்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "சொல்லு தம்பி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னோடு படித்தவர்கள், என்னிடம் படித்தவர்கள், என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

சாட்டை விழுந்தது. தோளில் பட்டு, வால் நுனி சுழன்று கன்னத்தில் அறைந்தது. அக்கா ஒரு எட்டுப் பின்னால் போய் மறுபடியும் அதே இடத்துக்கு வந்தாள். கன்னத்திலிருந்து கழுத்துவரை பட்டையாக ஒரு கறுப்பு. முதலில் இரத்தம் கட்டியது என்று நினைத்தேன். என் எனாமல் அது. தலைவரின் உள்ளங்கையும் கறுப்பாகியிருந்தது, அவர் பிடி நழுவிய இடத்தில் பித்தளை மினுங்கியது.

"வழக்குத் தீந்துச்சு!" என்று தலைவர் கத்தினார்.

"எனக்குத் தீந்துச்சு சாமி," என்றாள் அக்கா. குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "அடி வாங்குனது நானு. முறைப்பாடு குடுத்தது எம்மக. அவமேல சாட்டை விழல. அவ வழக்கு அப்படியேதான் இருக்கு. அவளையும் அடிக்கணும்னா அடிங்க, அப்பிடியே பொலிசுக்குப் போயி அதையும் சேத்து எழுதுறோம்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலைவரையே பார்த்தாள். கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னார், "நம்ம வழக்கப்படி அது சரிதானே." இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சாமி அத்தோடு மலையேறிவிட்டது. தலைவர் வெறும் மனிதனாக, கறுப்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் அவர் மகனைப் பொலிஸ் வந்து கூட்டிப்போனது.

திருவிழா அன்று பின்னேரம், லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியடியில் அக்கா சவுக்காரம் போட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து வீங்கியிருந்தது, கறுப்பு மட்டும் போகவில்லை. நான் கொஞ்ச தூரத்திலேயே நின்றேன். மன்னிச்சுக்கோ அக்கா என்று சொல்ல வந்தவன் அதையும் சொல்லவில்லை. வாத்தியார் வேலைக்கு இந்த வாய் எப்படித்தான் போதுமாக இருக்கிறதோ தெரியாது.

அவளே கூப்பிட்டாள். மண்ணெண்ணெய்ப் போத்தலையும் ஒரு பழந்துணியையும் என்னிடம் நீட்டி, கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"நீ அடிச்ச பெயின்ட்டுதானே. நீயே தொடச்சு விடு."