தேங்காய் இல்லாத பத்து நாட்கள்

"மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். பிள்ளை இங்கு வந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். அங்குள்ள தண்ணீர் அவளுக்குச் சேரவில்லை என்று தெரிகிறது. தை மாதம் வரை இங்கேயே இருக்கட்டும். பிறகு யோசித்துக்கொள்ளலாம்."

ஜய வருஷம் ஆடி மாதத்தில் என் தகப்பனார் என் கணவருக்கு எழுதிய கார்டு இது. கார்டின் ஓரத்தில், அது கைக்கு வந்த நாளை என் கணவர் 1129 ஆடி 17 என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில் குறித்திருக்கிறார். இங்கிலீஷ் கணக்கில் 1954 ஆகஸ்டு முதல் வாரம். அன்று மாநில எல்லையாக இருந்த ஆரல்வாய்மொழி மலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆண்டுக் கணக்கு, அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டையும் ஒத்துப் பார்ப்பது கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வழக்கமாகிவிட்டது.

'பிறகு யோசித்துக்கொள்ளலாம்' என்பதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருத்தி உடம்பு தேற்றிக்கொள்ள என்று வந்தவள் எட்டு வருஷமாகப் பிறந்த வீட்டில் இருந்தாள். அவள் புருஷனுக்கு வேறு கல்யாணம் ஆகிவிட்டது. அப்படி எனக்கும் ஆகிவிடுமோ என்பதுதான் அந்த ஆடி மாதம் முழுவதும் என் பயம்.

நான் கரிசல் காட்டில், கயத்தாறுப் பக்கம் பிறந்தவள். கம்மஞ்சோறு, பருப்புக் குழம்பு, நல்லெண்ணெய். வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய்க் குளியல். மற்ற நாளில் தண்ணீரைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். 1953 வைகாசியில் கல்யாணமாகி, சுசீந்திரத்துக்கு அருகில் வயல் நடுவே இருந்த வீட்டுக்கு வந்தேன். இங்கே காலையிலும் மாலையிலும் குளம். தலையில் தினமும் தேங்காய் எண்ணெய். கறி என்று எதை வைத்தாலும் தேங்காய் அரைக்காமல் இறக்குவதில்லை. அவியலை இறக்கிய பிறகும் மேலே ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றுவார்கள். ருசிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் மாதம் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

இரண்டாம் மாதம் வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கியது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வரும், குமட்டும். நான் மெலியத் தொடங்கியதும் என் மாமியார் பதறிப்போனார். அவருக்குத் தெரிந்த பெரிய மருந்து தேங்காய்ப்பால். சிறுபயறும் சம்பா அரிசியும் போட்ட கஞ்சியில் தலைப்பால் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பார். வலி கூடினால் கஞ்சியில் பாலும் கூடும். சாரல் காலமானால் உள்ளங்காலிலும் உச்சியிலும் எண்ணெய் வைத்துத் தேய்ப்பார். பெற்ற மகளுக்குச் செய்வதைவிட எனக்கு அதிகம் செய்தார். அந்தக் கஞ்சியை எப்படி வேண்டாம் என்பது?

நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே நோட்டுப் புத்தகம் எழுதுகிறவள். என்ன தின்றேன், எங்கே குளித்தேன், எந்தப் புத்தகம் படித்தேன், உடம்பு எப்படி என்று நாளுக்கு நாலு வரி. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பஸ் மலையைத் தாண்டிய இரண்டாம் நாளே 'வயிறு சுகம்' என்று எழுதியிருக்கும். அதனால் அம்மா தண்ணீரைக் குற்றம் சொன்னாள். மாமியார் தாய் வீட்டு ஏக்கம் என்றார். வைத்தியர் மழையும் குளிர்ச்சியும் என்றார். எனக்கே மூன்றும் சரிதான் என்று தோன்றியது.

தகப்பனார் கார்டு எழுதிய பிறகு, பிறந்த வீட்டில் வேறு வேலை இல்லாமல் அந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பங்குனியில் ஓரிடத்தில் கண் நின்றது. புகுந்த வீட்டில் இருந்த நாட்கள்தான்; ஆனால் தொடர்ந்து பத்து நாள் 'வயிறு சுகம்'. அப்போதே கவனித்திருக்க வேண்டும். மழையில்லாத மாதம், அதனால்தான் என்று விட்டிருக்கிறேன். குடித்தது அதே கிணற்றுத் தண்ணீர். குளித்தது அதே குளம். அந்தப் பத்து நாளும் மாமியார் வீட்டில் இல்லை. திற்பரப்புப் பக்கம் கட்டிக்கொடுத்த நாத்தனாரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போயிருந்தார். சமையல் நான். அம்மியில் தேங்காயை வெண்ணெயாக அரைக்க எனக்கு வராது. அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெயில் கரிசல் சமையலையே செய்து போட்டேன். என் கணவரும் அதையே சாப்பிட்டார்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப முடியாது. சந்தையிலிருந்து இரண்டு தேங்காய் வாங்கிவரச் சொல்லி, மாமியார் வைப்பதுபோலவே கஞ்சி வைத்து, தலைப்பால் ஊற்றிக் குடித்தேன். அம்மா காரணம் கேட்டாள். ஆசையாக இருக்கிறது என்றேன். ஒரு மணி நேரத்தில் அதே இடத்தில் அதே வலி. சுருண்டு படுத்துக்கொண்டு சிரித்தேன். வயிற்றுவலி வந்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ஆவணி பிறந்து, கொல்லம் 1130 தொடங்கிய வாரத்தில் என் கணவர் வந்தார். கார்டுக்குப் பதில் எழுதாமல் நேரில் வந்ததே எனக்குப் பாதித் தெம்பு. நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எனக்க அம்மைட்ட ஆரு சொல்லுகது?" என்றார். நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. தகப்பனாருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஐப்பசி வரை பார்ப்பது, மெலிந்தால் திரும்பி வருவது என்ற பேச்சின்மேல் அனுப்பினார். ஆரல்வாய்மொழியில் சரக்குக் கடத்துகிறவர்களுக்காகப் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் மூட்டையில் இருந்த நல்லெண்ணெய்த் தூக்கை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மாமியார் அம்மியடியில் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். குழவி நின்றது.

"அப்பம் ஒரு வருசமா நான் ஒனக்கு நோவத்தான் கலக்கித் தந்திருக்கேன்?"

"நல்லதுன்னுதான அத்தை தந்தீக."

"வேண்டாம்னு ஒரு வாக்கு சொல்லப்பிடாதா மக்கா?"

"ஆசையாத் தாறத எப்படி வேண்டாம்னு சொல்ல?"

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியதா, மிளகாய் அரைத்த கையா, தெரியவில்லை. "தேங்கா சேராத வயிறும் உண்டா உலகத்துல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரைப்பைத் தொடர்ந்தார். ஆனால் அன்று குழம்பில் அரைப்பைச் சேர்ப்பதற்கு முன், ஒரு சின்னச் சட்டியில் எனக்கு மட்டும் வேறாக எடுத்து, நல்லெண்ணெயில் தாளித்தார். அதன் பிறகு ஒரு நாளும் அது தவறியதில்லை. ஐப்பசி அடைமழையில் கஞ்சி வைத்தார். பால் ஊற்றாமல், சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டு. 'வயிறு சுகம்' என்ற வரி என் நோட்டில் அலுத்துப் போகும் அளவுக்கு வந்தது. தகப்பனார் கார்த்திகையில் வந்து பார்த்தார். தை மாதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், இரண்டு வேளை குளத்தில் குளித்துவிட்டுப் போனார்.

ஊரில் என்ன சொல்வார்கள் என்ற கவலை மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. கல்யாண வீட்டில் அவியலை ஒதுக்கினால், கிழக்கத்திக்காரிக்கு நம்ம சாப்பாடு இளப்பம் என்றுதானே பேசுவார்கள்? 1955 தையில் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அவியல் வாளி என் இலைக்கு நேரே வந்தது. நான் கையை நீட்டித் தடுக்குமுன், பக்கத்து இலையிலிருந்த பெண் விளம்புகிறவரிடம், "அவளுக்கு வைக்காண்டாம், தேங்கா தொடாம நேர்ச்சைல்லா" என்றாள். அவர் மரியாதையாக வாளியை நகர்த்திக்கொண்டு போனார். எனக்கு அப்படி ஒரு நேர்ச்சை இருப்பது அந்தப் பந்தியில்தான் எனக்கே தெரிந்தது.

மாமியாரிடம் கேட்டேன். "ஆமா, நேந்தாச்சு" என்றார். எந்தச் சாமிக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டால், "அது ஒனக்கு என்னத்துக்கு? நீ தின்னாம இருந்தாப் போரும்" என்பதற்கு மேல் போகமாட்டார். ஊர் வாயை அடைக்கச் சொன்ன பேச்சா, அல்லது நான் ஊரில் இல்லாத அந்த ஆடியில் என்னைத் திரும்பக் கேட்டு உண்மையிலேயே நேர்ந்துகொண்டாரா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. நோட்டில் அந்த இடத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.