எடுக்காமல் விட்ட கம்ப்ரஷன் டெஸ்ட்

அன்று என் மகளுக்குக் காய்ச்சல் இல்லாமல் இருந்திருந்தால், அந்த டெஸ்ட்டை எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றிருப்பேனா? ஒரு வருடமாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

நன்னிலம் பக்கம் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். வண்டியின் குறையைக் கேட்டு ஜாப் கார்டு எழுதுவதும், என்ன வேலை செய்யலாம் என்று உரிமையாளருக்குச் சொல்வதும் என் பொறுப்பு.

வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம். ஆரோக்கியசாமி அண்ணன் தன் பழைய டிராக்டரோடு வந்தார். குத்தகைக்கு நான்கு ஏக்கர் செய்பவர். சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்கினால் வண்டி திணறுகிறது, இழுவையைக் கூட்டும் டர்போ போடலாமா என்றார்.

எங்கள் மெக்கானிக் செல்வம் அண்ணன் புகையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "பிஸ்டன் ரிங் தேஞ்ச மாதிரி இருக்கும்மா. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து அழுத்தம் நிக்குதான்னு பாத்துருவோம். ரிங் போயிருந்தா இன்ஜினப் பிரிச்சு சிலிண்டரக் கடையற போர் வேலைதான். இது மேல டர்போ வச்சா தாங்காது."

போர் வேலைக்குப் பத்து நாள் ஆகும் என்று மட்டும் ஆரோக்கியசாமி அண்ணனிடம் சொன்னேன்.

"பத்து நாளா! நாத்து பறிக்க ஆள் சொல்லியாச்சு தங்கச்சி. பக்கத்து ஊர்ல டர்போ போட்டவன் வண்டி குதிரை மாதிரி இழுக்குது. அதயே போட்டுக் குடுங்க."

டர்போ இரண்டு நாள் வேலை. டெஸ்ட்டுக்கே அரை நாள் வேண்டும். மகளை விட்டிருந்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து மூன்றாவது முறையாக போன் வந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். "கேக்குறதப் போட்டு அனுப்பும்மா. இன்னும் ஆறு வண்டி நிக்குது."

செல்வம் அண்ணன் சொன்னதை நான் ஆரோக்கியசாமி அண்ணனிடம் சொல்லவில்லை. 'டர்போ, வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதிவிட்டு மகளிடம் ஓடினேன்.

டர்போ போட்டதும் காலி டிரெய்லரோடு தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பறந்தது. "ரோட்டுல எல்லாமே ராஜாதான். சேத்துலல்ல தெரியும்" என்றார் செல்வம் அண்ணன். யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்து போனோம். வண்டி வயல் நடுவே நின்றது. இன்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக ஆயில் முழுக்கத் தள்ளி, பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தது. நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டர்போ வண்டி தூங்குது. நாமளும் செத்த கண்ண மூடுவமாடி?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியசாமி அண்ணனும் சிரிக்க முயன்றார்.

தண்ணீர் வந்த வாரத்தில் வாடகைக்கு வேறு வண்டி எங்கே கிடைக்கும்? கிடைத்தது ஆறாவது நாள். பறித்து முடிகட்டிய நாற்று அதற்குள் பழுத்து அழுகிவிட்டது. இரண்டு ஏக்கரை அந்தப் போகம் அவர் நடவே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "என் அவசரம் தங்கச்சி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். மேனேஜர் ஜாப் கார்டைத் தட்டிக் காட்டினார். "ஒரே வரி. தப்பிச்சோம் பாத்தியா? படிச்ச பொண்ணுன்னா இதான்." வேலையில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

தெரிய வேண்டியதைச் சொல்லாமல் வாங்கும் விருப்பம் விருப்பமே இல்லை. இது புத்தகத்தில் இருக்காது. எனக்கு இது புரிய இன்னொருவரின் நடவு பாழாக வேண்டியிருந்தது.

வருடம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்த அந்த வண்டியை ஆரோக்கியசாமி அண்ணன் வரும் திங்கட்கிழமை போர் வேலைக்குக் கொண்டுவருகிறார். "நீங்க சொல்றபடி செய்வோம்" என்று போனில் சொன்னார். நடந்ததெல்லாம் தன் தவறு என்றே இன்னும் நம்புகிறார். உண்மையைச் சொன்னால் என் வேலை போகலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் திங்கட்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்: அவரிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது?